எழுபத்திரண்டு விநாடி

கைக்கடிகாரத்தைக் கழற்றச் சொன்னார்கள்.
மோதிரம், ஹேர்பின்,
பர்சுக்குள் மடிந்திருந்த அந்தோணியார் படம்,
எல்லாம் லாக்கர் பதினாலில்.
எட்டு வருஷம் நாடி பிடித்த கை
வெறுங்கையாக உள்ளே போனது.

வெட்டூர்ணிமடத்தில் மூன்றாம் மாடி.
ஏசி குளிர்.
தடுப்புக்கு அந்தப்பக்கம் யாரோ
பெருமூச்சு விட்டுவிட்டு மவுசைத் தட்டுகிறார்கள்.

நூற்றைம்பது கேள்வி, நூற்றெண்பது நிமிஷம்.
ஒன்றுக்கு எழுபத்திரண்டு விநாடி.
மார்த்தாண்டத்தில் பஸ் ஏறிக் கணக்குப் போட்டபோது
சிரிப்பு வந்தது.
சுகமாயிருக்கிற மனுசனுக்கு
நிமிஷத்துக்குத் துடிப்பும் எழுபத்திரண்டு.
எனக்கு அப்போதே நூறு தாண்டியிருந்தது.
தக்கலையில் பிளாக்.
கல்யாண வேனும் ரப்பர் தடி லாரியும்
மூஞ்சிக்கு மூஞ்சி நின்றன, இருபத்திரண்டு நிமிஷம்.
பரீட்சை தொடங்குமுன்பே
பதினெட்டுக் கேள்வியைத் தக்கலை தின்றுவிட்டது.

‘பதறாதே, பைய எழுது’ என்றார் றாபின்சன், போனில்.
பைய எழுதினால் ஆவாது.
அதை அவரிடம் சொல்லவில்லை.
ஃபீஸுக்காக என் ரெண்டு வளையல்
கருங்கல் பேங்கில் இருக்கிறது.
அதற்கும் ஒரு கெடு உண்டு, பதினொரு மாசம்.

திட்டம் என்னுடையது:
முதல் சுற்றில் நிமிஷத்துக்கு ஒன்று.
இழுத்தடிப்பதற்கு ஒரு மஞ்சள் கொடி குத்திவிட்டு நகர்.
கடைசி அரைமணி கொடிகளுக்கு.
கேஷுவால்டி சொல்லித்தந்ததுதான் இது.
அலறுகிறவனுக்கு மூச்சிருக்கிறது,
பேசாமல் கிடப்பவனிடம் ஓடு.
பத்து வரிக் கேள்வி திரை நிறைய அலறும்.
இரண்டு வரிக் கேள்வி மூலையில் கிடக்கும்.
இரண்டுக்கும் ஒரே மார்க்குதான்.

நாற்பத்தேழு:
ஐந்நூறு மில்லி, நாலு மணி நேரம்,
மில்லிக்குப் பதினைந்து சொட்டு.
நிமிஷத்துக்கு எத்தனை?
முப்பத்தொன்று.
பெருவிரல் தானாகவே
டியூபில் இல்லாத உருளையைத் தேடியது.
ஒன்பது விநாடி. லாபம்.

எண்பத்தெட்டு.
நாலு பேர் வந்திருக்கிறார்கள்.
யாரிடம் முதலில் போவீர்கள்?
அ. கால் முறிந்து அலறும் சிறுவன்.
ஆ. வாந்தியெடுக்கும் கர்ப்பிணி.
இ. நாலு நாள் காய்ச்சல்காரி.
ஈ. தனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லி
வியர்த்துக்கொண்டிருக்கும் ஐம்பது வயதுக்காரர்.

ஈ.
நாலு விநாடிகூட ஆகவில்லை.

ஆனால் அடுத்த பக்கத்துக்குப் போகவில்லை என் விரல்.
அன்றைக்கு நான் ‘அ’விடம் போனேன்.
அம்மைக்காரி என் கையைப் பிடித்து இழுத்தாள்,
பையன் வார்டு அதிர அலறினான்.
குலசேகரத்திலிருந்து வந்தவர்
சட்டைப் பொத்தானை அவிழ்த்தபடி
பெஞ்சில் தள்ளி உட்கார்ந்து சொன்னார்:
‘எனக்க காரியம் பொறவு பாத்தா மதி பிள்ளே,
அந்தக் கொச்சனப் பாரு.’
பார்த்தேன்.
கட்டுப் போட்டேன்.
திரும்பியபோது பெஞ்சில்
அவர் சாய்ந்திருந்த சாய்வு சரியில்லை.

அந்தப் பையன் இப்போது
பைக் ஓட்டுகிறான்.

திரையின் மூலையில் எண்கள் குறைந்துகொண்டே வந்தன.
தெரிந்த ஒரு கேள்விக்கு ஆறு நிமிஷம்.
இதற்கு என் திட்டத்தில் இடமில்லை,
இதன்மேல் குத்த ஒரு கொடியும் இல்லை.

பிறகு ஓடினேன்.
வாசித்தது பாதி, ஊகித்தது பாதி.
பதினொரு கொடி மிச்சம், ஒன்பது நிமிஷம்.
எட்டைப் பிடுங்கினேன்.
கடைசி மூன்றுக்கும் ‘இ’ என்று குத்தினேன்,
இனி அது ஆண்டவர் பாடு.
திரை தானாகவே மூடிக்கொண்டது.

கீழே ஒரு ரசவடை, ஒரு சாயா.
கடிகாரம் மணிக்கட்டில் பழைய தழும்பிலேயே போய் உட்கார்ந்தது.
எட்டு மணிக்கு டூட்டி.

திரும்பும் பஸ்ஸில் பக்கத்து ஸீட்டுக்காரி
ஜன்னலில் தலைசாய்த்து உறங்கிப்போனாள்.
கழுத்தோரம் நரம்பு துடித்தது.
வேண்டாமென்றாலும் எண்ணத் தொடங்கினேன்.
வில்லுக்குறி வளைவில் எண்ணிக்கை தவறியது.
மறுபடி தொடங்கவில்லை.